கண்ட்ரோலை நாமே வரையும்போது தீம் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் செக்ரோல் (ஆட்களின் வேலைநாள் பதிவேடு), லோரி எடை, சம்பளப் பட்டியல் என்று சின்னச் சின்ன டெஸ்க்டாப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். வார இறுதியில் என்னிடம் பழக வரும் பிள்ளைகளும் சரி, ராத்திரி போன் போடுகிற நண்பர்களும் சரி, ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்: நான் வரைந்த பட்டன் என் கணினியில் அழகாக வருகிறது, தோட்ட ஆபீசில் அசிங்கமாக வருகிறது, சில இடத்தில் வரவே இல்லை, ஏன்? கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கண்ட்ரோல் என்று நான் சொல்வது பட்டன், செக்பாக்ஸ் மாதிரி திரையில் இருக்கும் பாகங்களை. பெரும்பாலும் டாட்நெட் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஜன்னல் புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவி) பற்றியது. சி++ எழுதுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பின்னால் தனியாக இருக்கிறது.

அண்ணே, விஷுவல் ஸ்டைல் விஷுவல் ஸ்டைல்னு சொல்றீங்க, அது என்ன முதல்ல?

விண்டோஸ் 2000 வரைக்கும் பட்டன், செக்பாக்ஸ் எல்லாம் சாம்பல் நிறப் பெட்டி, மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். 2001-இல் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசாஃப்ட் இரண்டு விஷயம் கொண்டு வந்தது. ஒன்று ‘யூஎக்ஸ்தீம்’ என்கிற டிஎல்எல் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்), மற்றது ‘காம்சிடிஎல்32’ என்கிற பொதுக் கண்ட்ரோல் டிஎல்எல்லின் 6-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு பட்டன் எப்படித் தெரிய வேண்டும் என்பது தனியாக ஒரு தீம் ஃபைலில் இருக்கிறது. அந்தத் தோற்றத்தைத்தான் விஷுவல் ஸ்டைல் என்கிறோம், சுருக்கமாகத் தீம்.

நீங்கள் வரையும்போது அந்தத் தீமிடம் மூன்று விஷயம் சொல்கிறீர்கள்: எந்த வகைக் கண்ட்ரோல், அதில் எந்தப் பாகம், இப்போது என்ன நிலை. உதாரணத்துக்கு ‘பட்டன்’ வகை, ‘புஷ்பட்டன்’ பாகம், மவுஸ் மேலே இருக்கிற ‘ஹாட்’ நிலை. தீம் அதற்கான படத்தை வரைந்து கொடுக்கும். தீமே இல்லாவிட்டால் அங்கே பதில் சொல்ல ஆளில்லை. பிரச்சினை எல்லாம் தொடங்குவது இங்கேதான்.

இப்போ எல்லாரும் விண்டோஸ் 10, 11 தானே சார், இதையெல்லாம் எதுக்கு சோதிக்கணும்?

எல்லாரும் இல்லை. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, ஆனால் எடைமேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கணினியை யாரும் அவ்வளவு சீக்கிரம் மாற்றுவதில்லை, பழைய சீரியல் போர்ட், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைக்க ஆபீசுக்குத் தைரியம் வராது. எக்ஸ்பி முதல் 7 வரை பயனர் நினைத்தால் கிளாசிக் தோற்றத்துக்குப் போய்விடலாம். ஒரு புரோகிராமுக்கு மட்டும்கூட, அதன் பிராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் தீமை நிறுத்தும் ஒரு கட்டம் இருந்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் தலைமை ஆபீசிலிருந்து உள்ளே வருகிறவர், லைன் மெதுவாக இருக்கிறதே என்று ‘விஷுவல் ஸ்டைல்ஸ்’ என்பதை எடுத்துவிட்டும் வரலாம்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் கிளாசிக் தோற்றம் கிடையாது, பயனரால் தீமை முழுதாக நிறுத்த முடியாது. அது உண்மை. ஆனால் உங்கள் புரோகிராம் தீமைக் கேட்டு வாங்கவில்லை என்றால் விண்டோஸ் 11-இலும் அதன் பட்டன்கள் பழைய சாம்பல் பெட்டியாகத்தான் வரும். அதனால் விண்டோஸ் பதிப்பு எண்ணைப் பார்த்து ‘எக்ஸ்பிக்கு மேல் என்றால் தீம் உண்டு’ என்று முடிவு கட்டாதீர்கள். நான் பார்க்கிற புரோகிராம் கோடுகளில் (code) அதிகம் வரும் தப்பு இதுதான். பதிப்பு எண் தீம் இருக்க முடியுமா என்று மட்டும்தான் சொல்லும், இப்போது இருக்கிறதா என்று சொல்லாது.

சரி, ஒரே வரியில சொல்லுங்க, எதைப் பார்க்கணும்?

வின்ஃபார்ம்ஸ் என்றால் ‘அப்ளிகேஷன்’ கிளாஸில் உள்ள ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’. 2005-இல் டாட்நெட் 2.0-வோடு வந்தது. அது உண்மை என்றால் ‘விஷுவல்ஸ்டைல்ரெண்டரர்’ வைத்து வரையுங்கள். பொய் என்றால் ‘கண்ட்ரோல்பெயிண்ட்’ வைத்துப் பழைய முறையில் வரையுங்கள். இரண்டு வழியும் உங்கள் கோடில் இருந்தே ஆக வேண்டும். ‘எல்ஸ்’ பக்கம் காலியாக இருக்கிற சோதனை பாதி வேலைதான்.

‘எனேபிள்விஷுவல்ஸ்டைல்ஸ்’ போட்டுட்டேன், அப்புறம் எதுக்கு மறுபடி கேட்கணும்?

அந்த வரி ஒரு விண்ணப்பம். எனக்குப் புது காம்சிடிஎல்32 வேண்டும் என்று உங்கள் புரோகிராம் கேட்கிறது, அவ்வளவே. பயனர் கிளாசிக்கில் இருந்தால், அல்லது மேலே சொன்ன கம்பாட்டிபிலிட்டி கட்டத்தை டிக் செய்திருந்தால், விண்ணப்பம் போட்டும் தீம் கிடைக்காது. கிடைத்ததா என்று சொல்வதுதான் ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’.

அந்த வரியை ஃபார்ம் லோட்ல போட்டேன், வேலை செய்யலையே?

எந்தக் கண்ட்ரோலும் உருவாகும் முன்னால் போட வேண்டும், அதாவது ‘மெயின்’ உள்ளே முதல் வரி. டாட்நெட் 6 முதல் புது புராஜெக்ட் தொடங்கினால் ‘அப்ளிகேஷன்கான்ஃபிகரேஷன்.இனிஷியலைஸ்’ என்ற வரி அதைத் தானே செய்துவிடும், அதை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: விஷுவல் ஸ்டூடியோ டிசைனரில் அழகாகத் தெரிவதை நம்ப வேண்டாம். அங்கே தீம் இருப்பது ஸ்டூடியோவுக்கு, உங்கள் புரோகிராமுக்கு இல்லை.

சோதிக்காமலேயே வரைஞ்சுட்டு இருக்கேன், என் லேப்டாப்ல ஒண்ணும் ஆகலையே அண்ணே?

உங்கள் லேப்டாப்பில் தீம் இருக்கிறது, அதனால் ஆகவில்லை. தீம் இல்லாத இடத்தில் ‘விஷுவல்ஸ்டைல்ரெண்டரர்’ஐ உருவாக்கும் அந்த வரியே ‘இன்வேலிட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன்’ என்ற எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறியும். அது ‘ஆன்பெயிண்ட்’ உள்ளே நடந்தால் உங்கள் கண்ட்ரோல் இருந்த இடத்தில் வெள்ளைப் பெட்டியும் சிவப்புப் பெருக்கல் குறியும் வரும், அந்தக் கண்ட்ரோல் அதன்பின் தன்னை வரையவே வரையாது. காலையில் பெரட்டு (ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது) முடிந்து ஆட்கள் பெயர் போடக் காத்திருக்கும் நேரத்தில், சேமிக்கும் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் குறி நிற்பதை யோசித்துப் பாருங்கள். ஆபீசில் இருப்பவருக்கு தீம் என்றால் என்ன என்றே தெரியாது, கணினி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார், அன்றைய செக்ரோல் கையால் எழுதப்படும்.

‘ட்ரை கேட்ச்’ போட்டு விழுங்கிவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு முறை வரையும்போதும் எக்ஸெப்ஷன் எறிந்து பிடிப்பது மெதுவானது, அதோடு உண்மையான வேறு தப்புகளையும் அது மறைத்துவிடும். கேட்டுவிட்டு வரைவது சுலபம்.

‘பட்டன்ரெண்டரர்’ இருக்கே, அது தானாவே பாத்துக்கும்னு சொன்னாங்க, உண்மையா?

பாதி உண்மை. பட்டன், செக்பாக்ஸ், ரேடியோபட்டன், குரூப்பாக்ஸ் ஆகிய நான்கின் ரெண்டரர்களும் தீம் இல்லாவிட்டால் தாங்களே பழைய முறையில் வரைந்துவிடும், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. டெக்ஸ்ட்பாக்ஸ், காம்போபாக்ஸ், ஸ்க்ரோல்பார், டேப், புரோக்ரஸ்பார், டிராக்பார் ஆகியவற்றின் ரெண்டரர்கள் அப்படி இல்லை. அவற்றில் ‘இஸ்சப்போர்ட்டட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் பார்க்காமல் வரைந்தால் முந்திய பதிலில் சொன்ன அதே எக்ஸெப்ஷன்தான்.

முதல் நான்கில் ‘ரெண்டர்மேச்சிங்அப்ளிகேஷன்ஸ்டேட்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது உண்மை, அதாவது புரோகிராம் எப்படி இருக்கிறதோ அப்படியே வரையும். அதைப் பொய்யாக்கினால் புரோகிராமைப் பார்க்காமல், விண்டோஸில் தீம் இருந்தாலே தீமோடு வரைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சாதாரண பட்டன்கள் சாம்பலாகவும் உங்களுடையது மட்டும் பளபளப்பாகவும் தெரியும். தொடாமல் விடுவதே நல்லது.

‘இஸ்சப்போர்ட்டட்பைஓஎஸ்’, ‘இஸ்எனேபிள்ட்பையூசர்’, ‘இஸ்சப்போர்ட்டட்’, இத்தனை இருக்கே, எது எதுக்கு?

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி. முதலாவது, இந்த விண்டோஸுக்கு தீம் என்ற வசதியே தெரியுமா என்பது. எக்ஸ்பி முதல் எல்லாவற்றிலும் உண்மைதான், அதனால் இன்றைக்கு அதைக் கேட்டுப் பயனில்லை. இரண்டாவது, பயனர் தீமை வைத்திருக்கிறாரா என்பது. மூன்றாவது, அதாவது ‘விஷுவல்ஸ்டைல்ரெண்டரர்’இன் ‘இஸ்சப்போர்ட்டட்’, அதற்கு மேல் ஜன்னலின் உட்பகுதியிலும் தீம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’ இவை எல்லாவற்றோடும், இந்தப் புரோகிராமின் சாதாரண கண்ட்ரோல்கள் புது காம்சிடிஎல்32-ஐப் பயன்படுத்துகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ‘எனேபிள்விஷுவல்ஸ்டைல்ஸ்’ போடாத புரோகிராமில். அங்கே மூன்றாவது உண்மை என்று சொல்லும், கடைசியானது பொய் என்று சொல்லும். இரண்டுமே சரியான பதில்தான். தீமை வைத்து வரைய முடியும், ஆனால் உங்கள் புரோகிராமின் மற்ற கண்ட்ரோல்கள் அப்படி இல்லை. மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்றால் கடைசியானதைக் கேளுங்கள், பெரும்பாலும் நமக்கு வேண்டியது அதுதான். எக்ஸெப்ஷன் வராமல் இருந்தால் போதும் என்றால் மூன்றாவது.

நான் சி++ல நேரா வின்32 எழுதறேன், எனக்கு என்ன சோதனை?

‘இஸ்தீம்ஆக்டிவ்’, ‘இஸ்ஆப்தீம்ட்’ என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் கேளுங்கள், ஆனால் அவை மட்டும் போதாது. மேனிஃபெஸ்ட் (எந்தப் பதிப்பு டிஎல்எல் வேண்டும் என்று புரோகிராம் சொல்லும் குறிப்பு) இல்லாத, பழைய காம்சிடிஎல்32-ஐ ஏற்றியிருக்கும் புரோகிராமிலும் இவை இரண்டும் உண்மை என்று சொல்லலாம், ஏனென்றால் தலைப்புப் பட்டையும் ஓரமும் தீமோடுதான் வரையப்படுகின்றன. ஆகவே மூன்றாவதாக காம்சிடிஎல்32-இன் ‘டிஎல்எல்கெட்வெர்ஷன்’ஐக் கூப்பிட்டு, முதன்மை எண் 6 அல்லது அதற்கு மேலா என்று பார்க்க வேண்டும். முந்திய பதிலில் ‘இஸ்சப்போர்ட்டட்’டுக்கும் ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’க்கும் சொன்ன அதே வித்தியாசம் இங்கேயும்.

வரையும் இடத்தில் ‘ஓப்பன்தீம்டேட்டா’ தரும் ஹேண்டிலைப் பாருங்கள். அது நல் (null, அதாவது வெறுமை) என்றால் தீம் இல்லை, ‘டிராஃப்ரேம்கண்ட்ரோல்’ வழிக்குப் போங்கள். நல் இல்லை என்றால் ‘டிராதீம்பேக்ரவுண்ட்’. முடிந்ததும் ‘குளோஸ்தீம்டேட்டா’ மறக்க வேண்டாம்.

தீம் ஆன்லதான் இருக்கு, சோதனையும் உண்மைன்னுதான் வருது, ஆனா ஒரு பாகத்துக்கு மட்டும் எக்ஸெப்ஷன் வருதே?

தீம் இருக்கிறது என்பதும், அந்தத் தீமில் நீங்கள் கேட்ட பாகம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பட்டன், செக்பாக்ஸ் மாதிரி அடிப்படையானவை எங்கும் இருக்கும். எக்ஸ்ப்ளோரர்பார் மாதிரி அலங்காரப் பாகங்களை எல்லாத் தீமும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இல்லாத பாகத்தைக் கேட்டால் இந்த முறை வருவது ‘ஆர்குமென்ட்எக்ஸெப்ஷன்’, பெயரைப் பார்த்தாலே எந்தப் பிரச்சினை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். முதலில் ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’, அது உண்மை என்றால் மட்டும் ‘இஸ்எலிமெண்ட்டிஃபைண்ட்’, அதுவும் உண்மை என்றால் வரையுங்கள். சி++ காரர்களுக்கு ‘இஸ்தீம்பார்ட்டிஃபைண்ட்’, அதில் நிலை எண்ணுக்குப் பூஜ்யம் கொடுக்க வேண்டும்.

புரோகிராம் தொடங்கும்போது ஒரு தடவை கேட்டு வேரியபிள்ல வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. பயனர் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீமை மாற்றலாம். வரையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள், அதற்கு ஆகும் நேரம் ஒரு பொருட்டே இல்லை.

மாறும்போது ‘டபிள்யூஎம்_தீம்சேஞ்ச்ட்’ என்ற செய்தி எல்லா ஜன்னலுக்கும் வரும். சி++ என்றால் பழைய ஹேண்டிலை மூடி, புதிதாகத் திறந்து, திரும்ப வரைய வேண்டும். பழைய ஹேண்டிலோடு தொடர்ந்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. வின்ஃபார்ம்ஸில் ‘சிஸ்டம்ஈவென்ட்ஸ்.யூசர்பிரிஃபரன்ஸ்சேஞ்ச்ட்’ஐப் பிடித்து, கணக்கிட்டு வைத்த அளவு, நிறம் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். அது ஸ்டாட்டிக் நிகழ்வு, ஆகவே ஃபார்ம் மூடும்போது கண்டிப்பாக விலக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூடிய ஃபார்ம்கள் எல்லாம் நினைவகத்திலேயே தங்கிவிடும்.

ஹை கான்ட்ராஸ்ட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? யாரு அதைப் பயன்படுத்தப் போறா?

யார் என்று கேட்கிறீர்களே, தோட்ட ஆபீசில் பல வருடம் கணக்கு எழுதின கிராணிமார்களை (குமாஸ்தாக்களை) போய்ப் பாருங்கள். கண்ணில் புரை, சர்க்கரையால் பார்வை மங்கல், எத்தனை பேருக்கு இருக்கிறது. கறுப்புத் திரையில் வெளிச்சமான எழுத்து இருந்தால்தான் அவர்களால் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தங்களைச் சரியாகப் பார்த்துப் போட முடியும். அவர் தப்பாகப் படித்த ஓர் எண் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் போய் விழும். இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விண்டோஸ் 7 வரை ஹை கான்ட்ராஸ்ட் என்பது கிளாசிக் தோற்றத்தின் மேல் ஓடியது. அதனால் ‘ரெண்டர்வித்விஷுவல்ஸ்டைல்ஸ்’ பொய் என்று சொல்லும், உங்கள் கோடு பழைய வழிக்குப் போகும், ‘கண்ட்ரோல்பெயிண்ட்’ சிஸ்டம் நிறங்களை எடுத்துக்கொள்ளும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். விண்டோஸ் 8 முதல் ஹை கான்ட்ராஸ்ட்டும் ஒரு தீம்தான். சோதனை உண்மை என்றே சொல்லும். அதனால் ‘சிஸ்டம்இன்ஃபர்மேஷன்.ஹைகான்ட்ராஸ்ட்’ஐத் தனியாகக் கேட்க வேண்டும். அது உண்மை என்றால் உங்கள் சொந்த நிறம், கிரேடியன்ட், நிழல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ‘சிஸ்டம்கலர்ஸ்’ மட்டும் பயன்படுத்துங்கள், அதையும் ஜோடியாக: ‘விண்டோ’ பின்னணிக்கு ‘விண்டோடெக்ஸ்ட்’, ‘ஹைலைட்’டுக்கு ‘ஹைலைட்டெக்ஸ்ட்’. பின்னணியை சிஸ்டமிலிருந்து எடுத்து எழுத்தை மட்டும் கறுப்பு என்று நீங்களே எழுதினால், கறுப்பு மேல் கறுப்பு வரும், பட்டன் இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

வரைஞ்ச பட்டனோட நாலு மூலையிலயும் வேற நிறம் தெரியுது, ஏன்?

தீம் பட்டனின் மூலைகள் வளைந்தவை, அந்த இடம் ஒளி ஊடுருவும். உங்கள் கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கும் ஃபார்மின் நிறம் அங்கே தெரிய வேண்டும். ‘இஸ்பேக்ரவுண்ட்பார்ஷியலிடிரான்ஸ்பரன்ட்’ என்று கேளுங்கள், உண்மை என்றால் முதலில் ‘டிராபேரன்ட்பேக்ரவுண்ட்’, அதன் மேல் ‘டிராபேக்ரவுண்ட்’. வரிசை மாறக் கூடாது.

செக்பாக்ஸ் 13 பிக்சல்னு எழுதி வச்சேன், ஒரு ஸ்க்ரீன்ல குட்டியா தெரியுது

96 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி, அதாவது 100 சதவீத அளவில்) 13 சரி. திரையை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு சரியில்லை. ‘செக்பாக்ஸ்ரெண்டரர்.கெட்கிளிஃப்சைஸ்’ அல்லது ‘கெட்பார்ட்சைஸ்’ கேட்டு வாங்குங்கள். வேறு வேறு அளவில் இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்காக சி++ பக்கம் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் ‘ஓப்பன்தீம்டேட்டாஃபார்டிபிஐ’ இருக்கிறது.

டார்க் மோட் ஆன் பண்ணினேன், சோதனை உண்மைன்னு வருது, பட்டன் மட்டும் வெள்ளையா இருக்கே?

டார்க் மோட் வேறு, விஷுவல் ஸ்டைல் வேறு. தீம் இருக்கிறதா என்ற சோதனை, இருட்டா வெளிச்சமா என்று சொல்லாது. ‘விஷுவல்ஸ்டைல்ரெண்டரர்’இடம் வழக்கமான ‘பட்டன்’ பாகத்தைக் கேட்டால் வழக்கமான வெளிச்சப் பட்டனைத்தான் தரும். 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-இல் ‘அப்ளிகேஷன்.செட்கலர்மோட்’ பரிசோதனை நிலையில் வந்தது, ‘இஸ்டார்க்மோட்எனேபிள்ட்’ என்று கேட்கவும் முடியும். பழைய டாட்நெட்டில் இருந்தால் என் ஆலோசனை, டார்க் மோடுக்கு அரைகுறையாக வரைவதைவிட வெளிச்சத் தோற்றத்தை ஒழுங்காக வைத்திருங்கள். பாதி இருட்டும் பாதி வெள்ளையுமாக இருக்கும் ஃபார்மைப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம்.

என்கிட்ட பழைய கணினி இல்ல, தீம் இல்லாத நிலையை எப்படி சோதிச்சுப் பார்ப்பேன்?

‘எனேபிள்விஷுவல்ஸ்டைல்ஸ்’ வரியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள், விண்டோஸ் 11-இலும் பழைய வழி ஓடுவதைப் பார்க்கலாம். மேனிஃபெஸ்டிலும் காம்சிடிஎல்32-இன் 6-ஆம் பதிப்பைக் கேட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஹை கான்ட்ராஸ்ட்டுக்கு இன்னும் சுலபம்: இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாறும், திரும்ப அழுத்தினால் பழையபடி. புரோகிராம் திறந்திருக்கும்போதே அழுத்திப் பாருங்கள், ஓடும்போது மாறினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கொடுக்கும் முன் ஒவ்வொரு ஃபார்மையும் இப்படிப் பாருங்கள்.

நாங்க டெல்ஃபி, விபி6, கியூட்டி வச்சிருக்கோம், எங்களுக்கு?

டெல்ஃபி எக்ஸ்இ2 முதல் ‘ஸ்டைல்சர்வீசஸ்.எனேபிள்ட்’, அதற்கு முந்திய பதிப்பு என்றால் ‘தீம்சர்வீசஸ்.தீம்ஸ்எனேபிள்ட்’. கேட்கும் கேள்வி ஒன்றே, இரண்டு வழியும் வேண்டும் என்பதும் மாறவில்லை. கியூட்டியில் நீங்கள் நேராக தீமைத் தொட வேண்டாம், ‘கியூஸ்டைல்’இடம் வரையச் சொன்னால் எந்த ஓஎஸ்ஸில் எந்தத் தோற்றம் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

விபி6-இல் இன்னும் செக்ரோல் ஓட்டுகிற ஆபீஸ்கள் இருக்கின்றன. அங்கே மேனிஃபெஸ்ட் வைத்து, ஃபார்ம் வரும் முன் ‘இனிட்காமன்கண்ட்ரோல்ஸ்’ஐக் கூப்பிட வேண்டும். தீம் வந்ததும் ஃபிரேம் உள்ளே இருக்கும் ஆப்ஷன் பட்டன்களின் பின்னணி கறுப்பாகிவிடும், பார்த்து பயந்துவிடாதீர்கள். ஃபிரேம் உள்ளே ஒரு பிக்சர்பாக்ஸ் வைத்து, ஓரத்தை எடுத்துவிட்டு, ஆப்ஷன் பட்டன்களை அதற்குள் போட்டால் சரியாகிவிடும்.